திரவ விரவல்: கால மதிப்பீட்டின் வரலாறு

திரவ விரவல் என்பது, கலக்காமலும் குலுக்காமலும் வைக்கப்பட்ட திரவமொன்றில் கரைந்துள்ள பதார்த்தம், செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்தை நோக்கித் தானே பரவும் நிகழ்ச்சியாகும். இப்பரவல் எவ்வளவு தூரத்தை எவ்வளவு காலத்தில் கடக்கும் என்று கணக்கிடும் முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உருப்பெறத் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவெய்தியது.

இதனை விரிவாக ஆராயத் தலைப்பட்டவர் ஸ்காத்லாந்து தேசத்து ரசாயன அறிஞரான தாமஸ் கிரகாம் (1805–1869). வாயுக்களின் விரவலை ஆராய்ந்து முன்னரே புகழெய்தியிருந்த அவர், உப்புக் கரைசல் நிரம்பிய சிறு குப்பிகளை வாய் திறந்தவாறே பெரிய நீர்ச் சாடிகளுக்குள் வைத்து, நாட்கணக்கில் அசையாது விட்டு, வெளிநீரை ஆவியாக்கி, அதில் வந்து சேர்ந்த உப்பை நிறுத்துப் பார்த்த சோதனைகளை 1849-இல் லண்டன் ராயல் சங்கத்தில் எடுத்துரைத்தார். பதார்த்தத்துக்குப் பதார்த்தம் வேகம் வேறுபடுவதும், உஷ்ணம் ஏற ஏற வேகம் மிகுவதும், உப்புக்களைவிட முட்டையின் வெண்கருப் பொருள் மிகவும் பின்தங்குவதும் அவரால் புலனாயின. இவ்வேறுபாட்டையே ஆதாரமாகக் கொண்டு, கூழ்மப் பொருள்களினின்று உப்புக்களைச் சவ்வின் வழியே பிரிக்கும் முறையை அவர் 1861-இல் வெளியிட்டார். எனினும், அவருடைய அட்டவணைகளையெல்லாம் ஒன்றுபடுத்தும் பொது விதியை அவர் வகுக்கவில்லை.

அவ்விதியை 1855-இல் வகுத்தவர், அக்காலத்தில் ஜூரிச் நகரில் பணியாற்றிய ஜெர்மானிய உடலியல் அறிஞர் அடால்ப் பிக் (1829–1901). உஷ்ணம் திடப்பொருளில் கடத்தப்படுவதற்கு பூரியேயும், மின்சாரம் கம்பியில் ஓடுவதற்கு ஓமும் கூறிய கணித நியாயமே கரைபொருளுக்கும் பொருந்துமென்று அனுமானித்த அவர், ஓரிடத்தில் செறிவு எத்துணைச் செங்குத்தாகச் சரிகிறதோ அத்துணை மிகுதியாகப் பதார்த்தம் அவ்விடத்தைக் கடக்கும் என்றார். அடியில் உப்பும் மேலே இடைவிடாது மாற்றப்படும் தூயநீரும் அமைந்த குழாயில், செறிவு ஒரே சீராகக் குறைந்து செல்வதைச் சோதனையால் காட்டவும் செய்தார்.

பதார்த்தத்தின் மூலக்கூறுகள் ஏன் இவ்வாறு பரவுகின்றன என்பதை 1905-இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் விளக்கினார். திரவத்தின் மூலக்கூறுகளால் ஓயாது மோதுண்டு திசையின்றி அலையும் துகள், காலம் நான்கு மடங்காகும்போது சராசரியாக இரு மடங்கு தூரமே விலகுகிறது. ஆகவே ஒரு திசையிற் கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தை, பிக் விதியில் செறிவின் சரிவையும் கடக்கும் பதார்த்தத்தின் அளவையும் இணைக்கும் எண்ணாகிய விரவல் குணகத்தின் இரு மடங்கால் வகுத்தால், ஏறத்தாழ வேண்டிய காலம் கிடைக்கும். துகளின் பருமன், திரவத்தின் பாகுத்தன்மை, உஷ்ணம் ஆகியவற்றிலிருந்து அக்குணகத்தையே கணிக்கும் சூத்திரத்தை, ஐன்ஸ்டைனும் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த வில்லியம் சதர்லாந்தும் அதே ஆண்டில் தனித்தனியே வெளியிட்டனர்.

25 டிகிரி சென்டிகிரேடில் நீரில் கரைந்த சர்க்கரையின் விரவல் குணகம் செகண்டுக்கு ஏறக்குறைய 0.000005 சதுர சென்டிமீட்டராகும். இக்கணக்கின்படி, சர்க்கரை 0.01 மில்லிமீட்டரைச் செகண்டின் பத்தில் ஒரு பங்கில் கடக்கும். 1 சென்டிமீட்டருக்குச் சுமார் 28 மணி நேரமும், 10 சென்டிமீட்டருக்குச் சுமார் 116 நாட்களும், 1 மீட்டருக்குச் சுமார் 32 ஆண்டுகளும் ஆகும். கெல்வின் பிரபு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உயர்ந்த கண்ணாடிக் குழாய்களில் மயில்துத்தக் கரைசலின் மேல் நீரை நிரப்பி நெடுங்காலம் வைத்ததும் இம்மந்தகதியைக் கண்கூடாகக் காட்டுவதற்கே.

நடைமுறையில் சர்க்கரை இதைவிட விரைவில் பரவுவதைக் காண்கிறோம். பாத்திரத்தின் ஒரு பக்கம் சிறிதே வெப்பமடைந்தாலும் நீரில் ஓட்டங்கள் எழுந்து கரைபொருளைச் சுமந்து செல்லுமாதலின், விரவலை மட்டும் அளக்க விரும்புவோர் உஷ்ணத்தை மாறாது காத்தும், நீரைக் கூழாக உறையச் செய்தும் அவ்வோட்டங்களைத் தடுக்கின்றனர்.

உடலியலில் இக்கணக்கு பெரும் பயன் உடையது. உயிரணுவின் நுண்ணிய அளவுக்குப் போதுமான விரவல், பெரிய பிராணிகளின் உடலளவுக்குப் போதாது. அதனாலேயே பிராணவாயுவை இரத்தம் சுமந்து சென்று, ஒவ்வொரு திசுவின் அருகிலும் நுண்குழாய்களின் வழியே சேர்க்க வேண்டியிருக்கிறது. கிரகாமின் சவ்வு முறையைத் தழுவி, நெதர்லாந்தின் வில்லெம் கோல்ப் 1943-இல் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்; இரத்தத்துக்கும் கழுவு திரவத்துக்கும் இடையே இன்றும் மிக மெல்லிய சவ்வே வைக்கப்படுவது, கடக்கும் தூரத்தைக் குறைத்து விரவலை விரைவுபடுத்துவதற்கேயாகும்.