சாய்வில் பிறந்த சொல், கடலில் சேர்ந்த பொருள்

கிரேக்க மொழியில் 'கிளிமா' என்றால் சாய்வு. வெயில் எவ்வளவு சரிவாகத் தரையில் விழுகிறது என்பதைச் சொல்ல வந்த சொல் அது. வடக்கே போகப் போகச் சூரியன் வானில் தாழும், கோடையின் மிக நீண்ட பகல் இன்னும் நீளும். அந்தப் பகலின் நீளத்தை அளவாக வைத்துப் பழைய புவியியலாளர்கள் தாங்கள் அறிந்த உலகை ஏழு கிளிமாக்களாகப் பகுத்தார்கள். அரபு அறிஞர்கள் அதையே 'இக்லீம்' என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று காலநிலையைக் குறிக்கும் 'கிளைமேட்' என்ற சொல்லும் அந்த வேரில் முளைத்ததுதான். தொடக்கத்தில் அதற்குள் மழை இல்லை, காற்று இல்லை, கடலும் இல்லை. அட்சரேகை மட்டுமே இருந்தது.

அந்தப் பழைய பொருள் ஏன் நிற்கவில்லை என்பதற்கு இரண்டு ஊர்கள் போதும். ஃபாரோ தீவுகளின் தலைநகரான டோர்ஷாவ்ன் 62 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரமும் அதே 62 பாகைதான். சூரியன் இரண்டு ஊர்களுக்கும் ஒரே சாய்வில் வெயிலை அளக்கிறது. ஆனால் டோர்ஷாவ்னில் ஜனவரிச் சராசரி சுமார் 4 டிகிரி செல்சியஸ், கோடையின் உச்சத்தில் சுமார் 11. யாகுட்ஸ்கில் ஜனவரி மைனஸ் 40-ஐ நெருங்கும், ஜூலையோ 20-ஐத் தொட வரும். ஒன்றில் வெப்ப வீச்சு ஏழு டிகிரி, மற்றதில் அறுபதுக்குச் சற்றே குறைவு.

இந்த வேறுபாட்டை வரைபடத்தில் முதலில் கோடாக்கிக் காட்டியவர் அலெக்ஸாண்டர் ஃபான் ஹும்போல்ட். 1817-இல் அவர் வெளியிட்ட சமவெப்பக் கோடுகள் அட்சரேகைகளை ஒட்டிப் போகவில்லை. ஐரோப்பாவின் மேற்குக் கரையில் வடக்கே ஏறி, கண்டத்தின் உள்ளே தெற்கே இறங்கின. சாய்வு என்று பிறந்த சொல்லுக்குள் கடல் புகுந்தது அப்போதுதான் என்று சொல்வேன். அதன்பின் கண்டக் காலநிலை, கடல்சார் காலநிலை என்ற இரட்டை புழக்கத்தில் ஊன்றியது.

குளிர்ந்த இடங்களில்தான் 'கடல்சார்' என்ற பெயர் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்துக்கு விளாடிமிர் கோப்பனின் எழுத்துக் குறியீடு பெரிய காரணம். 1846-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து கிரிமியாவில் வளர்ந்தவர் அவர். இரண்டு ஊர்களுக்கும் இடையே பயணம் செய்தபோது தாவரங்கள் மாறிக்கொண்டே போனதைக் கண்டுதான் அவருக்குக் காலநிலை மேல் நாட்டம் பிறந்தது என்பார்கள். 1875 முதல் ஹாம்பர்க்கின் கடலாய்வு நிலையத்தில் மாலுமிகளுக்காகக் காற்றையும் வானிலையையும் ஆராய்ந்தார். 1900-லும், திருத்தமாக 1918-லும் வெளிவந்த அவருடைய வகைப்பாட்டில், எந்தச் செடி எங்கே வளரும் என்பதே எல்லைகளைத் தீர்மானித்தது.

டோர்ஷாவ்னுக்கு அவருடைய முறை தரும் குறியீடு சிஎஃப்சி. முதல் எழுத்து மிதவெப்பத்துக்கு: மிகக் குளிர்ந்த மாதச் சராசரி மைனஸ் 3-க்கு மேலே இருக்க வேண்டும் (பின்னால் வந்த சிலர் அதைச் சுழியம் என்று மாற்றிக்கொண்டார்கள்). இரண்டாவது எழுத்து ஆண்டு முழுதும் ஈரம் என்பதற்கு. மூன்றாவது, 10 டிகிரியை எட்டும் மாதங்கள் ஒன்று முதல் மூன்று வரையே என்பதற்கு. இந்த மூன்றில் எதுவும் கடலைக் குறிக்கவில்லை! வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடல் வானிலைக்கே கொடுத்த மனிதரின் குறியீட்டில் கடலுக்கு ஓர் எழுத்து கிடையாது. 'துணைத்துருவக் கடல்சார்' என்பது அந்த எழுத்துகளின் மேல் பிறகு ஒட்டப்பட்ட பெயர்.

அதன் விளைவை மெக்குவாரித் தீவில் காணலாம். டாஸ்மேனியாவைச் சேர்ந்த இந்தத் தீவு, நியூசிலாந்துக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே, 54 பாகைத் தென் அட்சரேகையில் தனித்துக் கிடக்கிறது. 1948 முதல் அங்கே நிலையான ஆய்வு நிலையம் இருக்கிறது. மிகக் குளிர்ந்த மாதம் 3 டிகிரியை ஒட்டி, மிக வெம்மையான மாதம் 7 டிகிரியை ஒட்டி. கோடைக்கும் குளிருக்கும் இடையே நான்கே டிகிரி. இதைவிடக் கடல்தன்மை மிகுந்த இடத்தைப் பூமியின் குளிர்ப்பகுதியில் தேடுவது கடினம். ஆனால் ஒரு மாதமும் 10 டிகிரியைத் தொடாததால், கோப்பன் முறை இதைத் துந்திரா வகையில் சேர்த்துவிடுகிறது. அலாஸ்காவின் வட விளிம்பில், ஜனவரியில் மைனஸ் 25 வரை உறையும் உட்கியாக்விக் ஊருக்குப் பக்கத்து இருக்கை. அங்கே நிலத்தடி ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கிறது. மெக்குவாரியிலோ அப்படி நிரந்தரமாக உறைந்த மண்ணே கிடையாது. இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்தும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பத்து டிகிரி என்ற வரம்பு மரங்களுக்காக வைத்தது. அதற்குக் கீழே கோடை இருந்தால் பொதுவாக மரம் நிற்காது. மரம் வளருமா என்பது நல்ல கேள்விதான். ஆனால் கடல் ஆள்கிறதா என்பது வேறு கேள்வி.

கடல் ஆளும் விதம் இது: நீர் சூடாவதற்கு மண்ணைவிட அதிக வெப்பம் வேண்டும். அலைகளும் காற்றும் அந்த வெப்பத்தை ஆழத்துக்குக் கலக்கிக் கொண்டுபோகும். ஆகவே கடல் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்கிறது. அதனால் வீச்சு சுருங்குகிறது, பருவமும் தாமதிக்கிறது. டோர்ஷாவ்னில் அக்டோபர் மாதம் ஏப்ரலைவிட வெதுவெதுப்பு. யாகுட்ஸ்கில் அக்டோபர்தான் அதிகக் குளிர். ஆஸ்திரிய அறிஞர் ஃபிரிட்ஸ் கெர்னர் 1905-இல் இந்தத் தாமதத்தையே அளவுகோலாக்கினார்: அக்டோபர் வெப்பத்திலிருந்து ஏப்ரல் வெப்பத்தைக் கழித்து, ஆண்டு வீச்சால் வகுத்து, நூறால் பெருக்கினால் கடல்தன்மை எண் கிடைக்கும். கடலின் நடத்தையையே கேட்கும் எண் என்பதால் எனக்கு இது பிடித்த அளவு.

கரையோரம் என்பதால் மட்டும் 'கடல்சார்' என்ற பெயர் கிடைத்துவிடாது. கனடாவின் சர்ச்சில், ஹட்சன் விரிகுடாவின் கரையில் நிற்கும் துறைமுகம். ஜனவரிச் சராசரி மைனஸ் 26 அளவில். கிட்டத்தட்ட அதே அட்சரேகையில் ஸ்காட்லாந்தின் ஸ்டோர்னவே ஜனவரியில் 4 டிகிரிக்கு மேலே. ஹட்சன் விரிகுடா குளிர்காலத்தில் உறைந்துவிடும். உறைந்த கடலின் மேல் பனி மூடியபின் அது வெப்பத்தைக் காற்றுக்கு அதிகம் கொடுப்பதில்லை. நிலம் போலவே நடந்துகொள்கிறது. விளாடிவஸ்தோக்கில் குறுக்கே நிற்பது காற்று. பசிபிக் கரையில் இருந்தும், குளிர்காலக் காற்று சைபீரியாவின் உள்ளிருந்து வருவதால் ஜனவரி மைனஸ் 12-ஐ ஒட்டி இருக்கிறது. உறையாத கடல் வேண்டும், அந்தக் கடலைத் தொட்டு வரும் காற்றும் வேண்டும். இரண்டும் இருந்தால் பத்து டிகிரியைத் தொடாத தீவும் கடல்சார்தான்.

கார்ல் டிரோல், பாஃபென் ஆகிய ஜெர்மானியப் புவியியலாளர்கள் 1964-இல் வெளியிட்ட பருவகால வகைப்பாட்டில் இத்தகைய தீவுகளுக்கு ஒரு தனி வகை வைத்தார்கள்: மிகுந்த கடல்தன்மை கொண்ட துணைத்துருவக் காலநிலை. கொத்துப்புல் வெளிகளையும் சதுப்புகளையும் அதன் அடையாளமாகச் சொன்னார்கள். செடிகளை நீதிபதியாக வைத்த கோப்பனின் வழியிலேயே வந்த திருத்தம் இது. மெக்குவாரியில், கெர்குலனில், தென் ஜார்ஜியாவில், ஃபாக்லாந்தில் என்று ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில், சில இடங்களில் ஆள் உயரம்வரை வளரும் கொத்துப்புற்கள் நிற்கின்றன. உட்கியாக்விக்கின் தாழ்ந்த ஈரப் புல்தரையில் அப்படி ஒன்று வளர்வதில்லை.