அடியெடுத்துக் கொடுத்தல்: கொல்லிமலை முதியோரும் சொற்பட்டியல் சோதனையும்

மறந்த சொல்லுக்கு அடியெடுத்துக் கொடுத்தால் அது திரும்பி வருகிறதா? அல்சைமர் நோயை அதன் உறவு நோய்களிலிருந்து பிரித்தறிய, எத்தனை சொற்கள் நினைவில் நின்றன என்ற எண்ணிக்கையைவிட இந்தக் கேள்வியே அதிகம் உதவும் என்பது என் வாதம். கொல்லிமலையில் அந்த அடியையும் அங்குள்ள மண்ணிலிருந்தே எடுக்க வேண்டும்.

1998இல் கொச்சியில் உருவான, மறதிநோயை ஆராயும் 10/66 ஆய்வுக் குழு, சென்னையிலும் வேலூரிலும் பத்துச் சொற்களை மூன்று முறை சொல்லிக் காட்டி, சிறிது நேரம் கழித்துத் திரும்பக் கேட்கும் சோதனையைப் பயன்படுத்தியது. எழுத்தறியாதவருக்கும் ஏற்ற முறை இது. ஆனால் குறைந்த மதிப்பெண் பெற்ற இருவர் ஒரே நோயாளிகள் ஆகிவிடுவதில்லை.

அல்சைமரில், நினைவைப் பதிக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதிகளும் முதலில் சிதைவதால், கேட்ட சொல் பதிவதே அரிது. "ஒரு பழம் சொன்னேனே" என்று நினைவூட்டினால் பட்டியலில் இல்லாத பலாவைச் சொல்வார். மூளையின் சிறு இரத்தக் குழாய்கள் கெட்டு வரும் மறதிநோயில் பதிவு பெரும்பாலும் இருக்கும். தேடி எடுப்பதுதான் தடுமாறும். அதே நினைவூட்டலில் "அன்னாசி" என்று சரியாக வந்துவிடும். லூயி உடல் நோயில் கவனமும் இடத்தைக் கணிக்கும் திறனும் முன்னதாகச் சரியும். முதுமையில் இவை கலந்தும் வருவதால் இந்தக் கோடுகள் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை.

கற்கும்போதே "இதில் தானியம் எது?" என்று தேடவைத்து, பின்னர் அதே வகைப்பெயரால் அடியெடுத்துக் கொடுக்கும் முறையை 1987இல் ஆய்வாளர்கள் குரோபரும் புஷ்கேயும் முன்வைத்தார்கள். கொல்லிமலையில் இதை அப்படியே எடுத்தாண்டால் தவறும். அங்கே "தானியம்" என்றதுமே சாமை நாவில் வரும். அது நினைவா ஊகமா என்று சொல்ல முடியாது. சாமையை விலக்கிப் பனிவரகை வைக்க வேண்டும். பலாவை விட்டு அன்னாசியை வைக்க வேண்டும். மரவள்ளி பரவியபின் சிறுதானிய நிலம் சுருங்கிவிட்டதால், எந்தச் சொல் யார் வாயில் புழங்குகிறது என்பதை வயதுவாரியாகக் கேட்டறிவதும் அவசியம்.

சொற்களின் பொருளே கரைந்துபோகும் சொற்பொருள் மறதிநோயில் உள்ளூர் அறிவே அளவுகோலாகிறது. சாமை வகைகளான பெருஞ்சாமையையும் மல்லியச்சாமையையும் கதிரைப் பார்த்தே பிரித்த ஒரு பாட்டி, முதலில் இரண்டையும் வெறும் "சாமை" என்பார்; பிறகு "தானியம்"; கடைசியில் "அது". நுண்பெயர் முதலில் உதிர்கிறது, பொதுப்பெயர் பின்னால். காலையில் யார் வந்துபோனார் என்பதோ அவருக்கு நினைவிருக்கலாம். நகரத்துப் பட்டியல் இந்த முதல் படியைக் காணவே காணாது.

2023இல் வெளியான லாசி-டாட் ஆய்வு, இந்தியாவில் 60 வயது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிதிறன் சோதனைத் தொகுப்பு முதலில் சரிபார்க்கப்பட்ட ஐந்து மொழிகளில் தமிழ் இல்லை. தமிழில் ஒன்று செய்யும்போது மலைத் தமிழுக்கும் அதில் இடம் வேண்டும்.

அடியெடுத்துக் கொடுப்பது வீட்டுக்குள்ளும் எட்டும் விஷயம். இரத்தக் குழாய் நோயுள்ள தாயிடம் மகள், "காலையில காப்பி குடிச்சப்ப ஒண்ணு சொன்னேனேம்மா" என்றால் சொன்னது திரும்பலாம். அல்சைமர் உள்ள தாயிடம் அதையே நாலு தடவை கேட்பது, பதியாத ஒன்றை எடுத்துத் தரச் சொல்வது. அந்த அம்மா அழுதுவிடுவார்.