பெட்டகத்துள் ஒரு பெயர்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலை, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கரையூர்களின்மீது ஆழிப்பேரலை ஏறிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். அன்று கல்முனை வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழவி ஒன்றின் பெயரை அறிவார் இலர். அன்று வந்தோர் வரிசையில் அதற்குரிய 81 என்னும் எண்ணே பெயராயிற்று. பெற்றோர் இன்னார் என்பதை 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை உறுதிசெய்தது.

நேயர்களே, உறவினரைத் தேடும் துன்பம் அந்நாட்களில் அக்கரை முழுவதற்கும் பொதுவாயிற்று. பாடசாலை, பள்ளிவாசல், வைத்தியசாலை என இடந்தோறும் ஒவ்வொரு பட்டியல். மாவட்டத்துள் பிரதேசம், பிரதேசத்துள் முகாம், முகாமினுள் குடும்பம், குடும்பத்துள் ஆள் எனப் பெட்டிக்குள் பெட்டியாய்ச் செய்தி அடங்கிக் கிடந்தது. தேடிவந்த தாய் கேட்டதோ ஒரே ஒரு பெயர்.

இக்குறை நீக்க, லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷன் என்னும் நிறுவனத்தின் முயற்சியால் கணினி வல்லுநர் பலர் தொண்டராய்க் கூடினர். சில வாரங்களில் அவர்கள் அமைத்த மென்பொருள் 'சஹானா' எனப்பட்டது. சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். காணாமற்போனோர், முகாம்கள், உதவும் நிறுவனங்கள் ஆகிய பதிவேடுகளை அஃது ஒருங்கிணைத்தது. 2005ஆம் ஆண்டின் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது.

சஹானா செய்திகளை அட்டவணைகளாக வைத்தது. பெட்டிக்குள் பெட்டியாக உள்ளதை உள்ளவாறே எழுதும் முறை பிறிதொன்று. 2001 அளவில் அமெரிக்கரான டக்ளஸ் குரொக்போர்ட் வகுத்த 'ஜேசன்' அத்தகையது. கணினிகள் தம்முள் செய்தி பரிமாற இன்று பெரிதும் வழங்குவது அதுவே. அதனுள் தேடுதற்கென ஸ்டெபான் கோஸ்னர் 2007இல் 'ஜேசன்பாத்' என்னும் வினவுமொழியை முன்வைத்தார். 2024இல் அஃது இணையத் தரமாக வெளியிடப்பட்டது. அம்மொழியில் டாலர்க் குறி தலைவாயில். ஒரு புள்ளி ஒரு படி உள்ளிறங்குதல். அடுத்தடுத்த இரு புள்ளிகள் எவ்வளவு ஆழமாயினும் தேடுக என்னும் ஆணை. வினாக்குறி சல்லடை. 'எம்முகாமாயினும் ஆகுக, ஐந்து வயதுக்குட்பட்ட, பெற்றோர் பெயர் பதியப்படாத குழந்தைகளை மட்டும் காட்டுக' என்பதை ஒரே வரியிற் கேட்டுவிடலாம்.

ஆயினும் பதியப்படாததை எவ்வினாவும் கண்டெடுக்காது. பிழைபடப் பதிந்ததும் எளிதில் அகப்படாது. ஒருவர் பெயரை ஒரு முகாமில் 'முகம்மது' எனவும், மற்றொன்றில் 'முஹம்மத்' எனவும், வேறொன்றில் 'மொஹமட்' எனவும் எழுதினால், எழுத்துக்கெழுத்து ஒப்பிடும் இயந்திரம் அவரை மூவராகவே கொள்ளும். தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் நிறைந்த அக்கரையில் இது சிறு பிழையன்று. உயிரோடிருக்கும் மகனைத் தாயிடமிருந்து மறைத்துவிடும் பிழை.

ஆதலால் தேடும் கலை பதிவு செய்பவரின் கையிலேயே தொடங்குகின்றது. அவ்வைத்தியசாலையில் ஒருவர், பெயரறியாக் குழவிக்கும் ஓர் எண்ணிட்டுக் குறித்து வைத்தார். பெற்றோர் வந்து கேட்டபோது காட்டுதற்கு ஒரு பதிவு இருந்தது. பின்னாளில் வந்த வினவுமொழிகளெல்லாம் அத்தகைய ஒரு வரியை நம்பியே நிற்கின்றன.