கொடைக்கானல் பைன் காடும் கீழ்நாட்டுத் தண்ணியும்

கொடைக்கானல் போறவங்க எல்லாரும் பைன் காட்டுல நின்னு போட்டோ எடுத்துட்டு வர்றாங்க. ஆனா தென்னாட்டு மலைகள்ல பைன் தானா முளைச்ச மரம் இல்லைங்க.

பழனி மலைத்தொடரோட உச்சியில ஆதியில இருந்தது ரெண்டுதான். பள்ளத்துல சோலைக்காடு, மேட்டுல புல்வெளி. பெய்யுற மழையை இது ரெண்டும் பிடிச்சு வச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்கு விடும். மஞ்சளாறும் மருதாநதியும் அங்கேருந்துதான் இறங்குது.

வெள்ளைக்காரங்க புல்வெளியைச் சும்மா கிடக்குற நிலம்னு நினைச்சு, விறகுக்கும் மரத்துக்கும் வெளிநாட்டுக் கன்றுகளை நட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் அது நிக்கலை. ஆலைகளுக்காக மெக்சிகோ பைன், ஆஸ்திரேலியா சீகை, தைல மரம்னு மலை முழுக்கப் பரவிடுச்சு. 1973-ல் சுமார் 374 சதுர கிலோமீட்டர் இருந்த புல்வெளி, 2014-ல் சுமார் 124 ஆயிடுச்சுன்னு செயற்கைக்கோள் படத்தை வச்சுக் கணக்கு எடுத்திருக்காங்க. மரத்தோட்டத்தோட விவசாயமும் சேர்ந்து தின்னது அது.

பைன் அடியில ஊசி இலை மெத்தை மாதிரி கிடக்கும். நிழலும் சேர்ந்து புல்லை எழும்ப விடாது. கோடையில அந்தச் சருகு சட்டுனு தீப்பிடிக்கும்.

மேல போனது புல்லுதானேன்னு நாம இருக்க முடியாது. கீழே நாத்து நடுறதே அந்த ஓடைத் தண்ணியை நம்பித்தான்.