கோட்டைச் சிறையில் நான்கு திங்கள்

கோட்டை என்றதும் கொத்தளத்தையும் கொடிமரத்தையும் கொற்றவன் பெயரையுமே நம் பாடநூல்கள் எடுத்துரைக்கின்றன. இத்தாலியத் துறைமுகமாம் நேப்பிள்சின் கோட்டையாயினும், நம் சோழநாட்டுக் கரையிலுள்ள தரங்கம்பாடிக் கோட்டையாயினும், கட்டியவன் யார், கைப்பற்றியவன் யார் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. உள்ளே அடைபட்டவன் யார்? ஏன் அடைபட்டான்? ஏற்காட்டு மலையிலே, வெள்ளக்கடையிலே, கடலையே கண்டிராத பிள்ளைகளுக்குத் தரங்கம்பாடியைப் பற்றிச் சொல்லும்போது நான் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பது வழக்கம்.

மிளகு தேடி வந்தவர்கள் டேனியர். 1616இல் அவர்கள் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி எழுந்தது. 1620 நவம்பரில் கப்பற்படைத் தலைவன் ஓவே கெட்டே, தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டான். கடலோரத்தில் கோட்டை கட்ட இடம் கிடைத்தது. டேனிய மன்னன் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் பொன்னேட்டில் மடல் விடுத்தார். கையொப்பம் தெலுங்கிலே; மடலோ தமிழிலே! ஐரோப்பிய வேந்தனுக்குச் செல்லும் ஓலைக்கு அன்று தமிழ் போதுமானதாக இருந்தது. அந்தப் பொன்னேடு இன்றும் கோபன்கேகனில் இருக்கிறது.

எழுந்தது டேன்ஸ்போர்க் கோட்டை. மேல்தளத்தில் ஆளுநர் மாளிகை, வணிகர் அறைகள், வழிபாட்டுக் கூடம். கீழ்த்தளத்தில் பண்டகசாலை, படைவீரர் குடியிருப்பு, சிறை. மேலே தொழுகை, கீழே விலங்கு! ஆதிக்கம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வீடு கட்டும் முறை ஒன்றுதான் போலும்.

1706 சூலை 9ஆம் நாள் அங்கு வந்திறங்கினார் சீகன்பால்கு என்னும் செருமானிய இளைஞர். அனுப்பியவன் டேனிய மன்னன். வந்த நோக்கம் மதம் பரப்புதல். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரல் வைத்துத் தமிழெழுத்துப் பயின்றார். ஏழைகளோடு பழகினார். கம்பெனியாருக்கு அது பிடிக்கவில்லை.

1708இல் நாவிதர் ஒருவரின் கைம்பெண்ணுக்கு வழக்கொன்று நேர்ந்தது. இறந்த கணவனின் கடன் பற்றிய தகராறு. எதிராளியோ கம்பெனியின் மொழிபெயர்ப்பாளன். அவளுக்காகப் பரிந்து பேசினார் சீகன்பால்கு. ஒருமுறையல்ல, மீண்டும் மீண்டும் பேசினார். கோட்டைத் தலைவன் ஹாசியசின் காதில் அது கலகக் குரலாக ஒலித்தது. விசாரணைக்கு அழைத்தான். எழுத்து வடிவில் ஆணை தருக என்றார் அவர். வந்தது சிறை! 1708 நவம்பர் முதல் 1709 மார்ச்சு வரை, நான்கு திங்களுக்குச் சற்று மேல், மன்னன் அனுப்பிய மனிதரை மன்னனின் கோட்டையே அடைத்து வைத்திருந்தது. கடனில் சிக்கிய ஓர் ஏழைப் பெண்ணுக்காக!

வெளிவந்தவர் ஓய்ந்துவிடவில்லை. ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துகள் கப்பலேறி வந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது. தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூல் மட்டும் அச்சுக்குப் போகவில்லை. அத்தகைய ஆராய்ச்சியை ஐரோப்பாவில் இருந்த மேலோர் விரும்பவில்லை. 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது!

கோட்டைக்கு என்ன ஆயிற்று? வாணிகம் நொடித்தது. 1845இல் செராம்பூரையும் சேர்த்து 12½ இலட்சம் ரூபாய்க்குத் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். இன்று கோட்டை தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். செல்வோர் பெரும்பாலும் மேல்தளத்திலே நின்று கடற்காற்று வாங்கித் திரும்புகின்றனர். கீழ்த்தளத்துக்கும் படியிறங்கிப் பாருங்கள்.