குடிவழியும் மறைவும்: கொச்சிப் பகுதியில் யூத மரபைத் தேடும் நெறி

முன்னுரை

கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த கும்பளங்கி முதலிய ஊர்களில் இலத்தீன் கத்தோலிக்கர் மிகுதியாக வாழ்கின்றனர். கொச்சிக் கடற்கரைக் கத்தோலிக்கரிடையே போர்ச்சுகீசியக் குடும்பப் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. அண்மையிலுள்ள மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதப் பள்ளி நிலைபெற்றுள்ளது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்போர்க்கு, ‘நம் முன்னோர் சமயத்தை மறைத்து வாழ்ந்த யூதரோ?’ என்னும் வினா எழுதல் கூடும். முற்காலத்தில் வெளியேற்றப்பட்ட யூதரின் வழியினர்க்குக் குடியுரிமை வழங்க ஸ்பெயினும் போர்ச்சுகலும் 2015-இல் சட்டவழி வகுத்தபின் இத்தகைய தேடல் உலகெங்கும் பெருகிற்று. இவ்வினாவிற்கு எவ்வகைச் சான்றுகள் விடை தரும், எவை தாரா என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுக் கிறித்தவரும் கொச்சியும்

போர்ச்சுகலில் வாழ்ந்த யூதர் 1497-இல் கட்டாயமாகத் திருமுழுக்குப் பெற்றனர். இவரும் இவர்தம் வழியினரும் ‘புதுக் கிறித்தவர்’ எனப்பட்டனர். இவருள் வணிகர் பலர் மிளகு வாணிகத்தின் பொருட்டுக் கொச்சிக்கு வந்தனர். போர்ச்சுகீசியர் ஆண்ட கோட்டைப் பகுதியில் கிறித்தவராக வாழ்ந்த இவர்க்கு, கொச்சி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் வெளிப்படையாக வாழ்ந்த யூதருடன் தொடர்பு கொள்வது எளிதாயிருந்தது. அதுவே இவர்மீது ஐயத்தையும் வளர்த்தது.

கொச்சி மறைமாவட்டம் நிறுவப்பெற்ற 1557-ஆம் ஆண்டிலேயே அங்கிருந்த புதுக் கிறித்தவர் பலர் சிறைப்படுத்தப்பட்டனர். கோவாவிற்கும் பின்னர் லிஸ்பனுக்கும் அனுப்பப்பட்டனர். கோவாவில் சமய விசாரணை மன்றம் 1560-இல் அமைந்தது. 1774-இல் நீக்கப்பட்டு 1778-இல் மீண்டும் நிறுவப்பெற்ற அம்மன்றம் 1812-இல் முற்றாக ஒழிந்தது. அதன் வழக்கேடுகளுள் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. எனினும் 1561 முதல் 1623 வரையிலான வழக்குகளின் பட்டியல் ஒன்று எஞ்சியுள்ளது. மறைந்து வாழ்ந்தோர் தம்மைப் பற்றி எழுதிவைத்திலர். அவர்களை ஒடுக்கியோரே எழுதிவைத்தனர் என்பது இத்துறையின் அடிப்படை முரணாகும்.

பெயர் சான்றாகுமா?

குடும்பப் பெயரைக் கொண்டே யூத மரபை நிறுவ முனைவது பெருவழக்காக உள்ளது. இது பொருந்தாமையைத் தமிழகக் கடற்கரையே காட்டும். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் திருமுழுக்குப் பெற்றபோது பெர்னாண்டோ, கோமஸ், மச்சாடோ முதலிய பெயர்களைப் பெற்றனர். இப்பெயர்கள் சமய மாற்றத்தின் அடையாளமேயன்றிக் குருதியுறவின் அடையாளம் அல்ல. போர்ச்சுகலிலும் புதுக் கிறித்தவர் பெரிதும் ஏனைக் கிறித்தவர்க்குரிய பெயர்களையே ஏற்றனர். ஆகவே பெரெய்ரா, ரொட்ரீகஸ் போன்ற பெயர்கள் வினாவை எழுப்பலாம், விடையாகா.

வழக்காறுகளுக்கும் இது பொருந்தும். பெரிய வியாழனன்று கேரளச் சிரியன் கிறித்தவர் இல்லங்களில் புளிப்பற்ற பெசகா அப்பம் பகிரப்படுகிறது. ‘பெசகா’ என்னும் சொல் யூதர்தம் பாஸ்கா விழாவின் பெயரோடு உறவுடையது. ஆயின் அது சிரியாக்கு வழிபாட்டு மரபின் வாயிலாகவும் வந்திருக்கலாமாதலின், அதனை உண்ணும் குடும்பத்தின் வழிமரபை அதுகொண்டு துணிதல் இயலாது.

செப்பேடு காட்டும் உறவுமுறை

சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் ஏறத்தாழக் கி.பி. 1000-இல் ஈசுப்பு இரப்பானுக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு, கொச்சி யூத வரலாற்றின் தலையாய ஆவணமாகும். அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அவனுக்கு வழங்கப்பெற்றமையை அது கூறுகிறது. அவ்வுரிமைகள் ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள், மகளை மணந்தோர் ஆகியோர்க்கும் உரியன என அது வரையறுப்பது நுணுகி நோக்கத்தக்கது. தந்தைவழி ஒன்றனையே பற்றி நில்லாது, பெண்வழி உறவையும் இவ்வாவணம் ஏற்றுள்ளது. பிற்காலக் குடிவழிப் பூசல்களை ஆராய்வோர் இவ்விரிந்த வரையறையை மறத்தலாகாது.

குடிவழியே மறைக்கும் கருவியாதல்

கொச்சியில் யூத மரபு கிறித்தவரிடையே மட்டும் மறைந்திருக்கவில்லை. யூதச் சமூகத்தின் உள்ளேயே மறைக்கப்பட்டும் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த சமயச் சட்ட அறிஞர் தாவீத் இப்னு ஜிம்ராவிடம் கொச்சியிலிருந்து ஒரு வினா சென்றது. அங்கிருந்த ஏறத்தாழ 900 குடும்பத்தலைவருள் 100 பேர் தூய குடிவழியினர் எனத் தம்மைக் கருதி, ஏனையோரை அடிமை வழியினர் என்று ஒதுக்கி மணவுறவு மறுத்தனர் என்பது அதன் சாரம். முறைப்படியான சடங்கு நிகழ்ந்தபின் அவர்களை விலக்கலாகாது என்பதே அவர்தம் தீர்ப்பு. ஆயினும் விலக்கு நீங்கவில்லை.

1686-இல் கொச்சிக்கு வந்த மோசே பெரெய்ரா டி பைவா, பரதேசிக் குடும்பங்களையும் அவர்தம் பூர்வீக ஊர்களையும் குறித்துச் சென்றார். அது மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. இத்தகைய பட்டியல்களில் இடம்பெறாதோரும் ஒரு சாரார் உளர். பரதேசி ஆடவர்க்கும் அடிமைப் பெண்டிர்க்கும் பிறந்தோரும், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினரும் ‘மெசுஹ்ராரிம்’ எனப்பட்டனர். யூதச் சட்டத்தில் தாயின் நிலையே பிள்ளையின் நிலையாதலின், தந்தை இன்னார் என்பது ஊரறிந்ததாயினும் குடிவழியில் ஏறவில்லை. பள்ளியில் இருக்கைகளில் அமரும் உரிமையும் பரதேசியரோடு மணவுறவும் இவர்க்கு மறுக்கப்பட்டன.

இவ்வழியில் தோன்றிய வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967) காந்தியடிகளின் அறவழியைப் பின்பற்றித் தம் பள்ளியிலேயே போராடினார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. எனினும் 1950-இல் அவர் மகன் பரதேசிக் குடும்பப் பெண்ணை மணந்தபோது திருமணம் கொச்சியில் அன்றிப் பம்பாயில் நிகழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

தேடும் நெறி

மேற்கண்டவற்றால் மூன்று நெறிகள் புலனாகின்றன. முதலாவது, இன்றைய தலைமுறையினின்று தொடங்கித் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் துணையால் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிச் செல்லவேண்டும். விரும்பிய மூதாதையினின்று கீழிறங்கலாகாது. இரண்டாவது, குடும்பம் தானே எழுதிய வரலாற்றினும், அதனோடு பற்றில்லாத பிறர் எழுதிய பத்திரங்கள் வலிமையுடையன. 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரரின் ஆவணங்களுள் பெருந்தொகுதி சென்னைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளமை தமிழக ஆய்வாளர்க்கு வாய்ப்பாகும். மூன்றாவது, மரபணுச் சான்றின் எல்லையை உணரவேண்டும். கொச்சி யூதரிடம் யூத மரபும் தென்னிந்திய மரபும் கலந்துள்ளமையை 2016-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இது சமூகம் பற்றிய முடிபு. ஒரு தனிக்குடும்பத்தின் மூதாதை பெயரை அது கூறாது.

முடிவுரை

குடிவழிப் பட்டியல் பிறப்பின் பதிவு மட்டுமன்று. யாரை உறவென ஏற்பது என்னும் முடிவின் பதிவுமாகும். கும்பளங்கியில் ஒருவர் தம் பெயரில் யூத மூதாதையைத் தேடுவதும், மட்டாஞ்சேரியில் ஒருவர் தந்தை அறிந்தும் பட்டியலில் இடம்பெறாது போனதும் ஒரே வரலாற்றின் இரு கூறுகளாம். முன்னதற்குச் சான்று வேண்டும். பின்னதற்குச் சான்று இருந்தும் ஏற்பு இல்லாதிருந்தது. எனவே மறைந்த மரபைத் தேடுவோர், பட்டியலில் உள்ள பெயர்களோடு அமையாது, விடுபட்டோர் யாவர், அவர் எதனால் விடுபட்டனர் என்பதனையும் ஆராய்தல் இன்றியமையாததாகும்.