ஆட்டு மந்தைகளில் தங்கிவிட்ட வைரஸ்கள்: அரசூரும் வத்தலக்குண்டுச் சமவெளியும்

வத்தலக்குண்டு, திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் மஞ்சளாறு பாயும் பகுதியில் உள்ள ஊர். திண்டுக்கல், மதுரை, தேனி, கொடைக்கானல் ஆகிய நான்கு திசைச் சாலைகளும் இங்கு கூடுகின்றன. நெல் அறுவடை முடிந்த வயல்களில் செம்மறி ஆடுகளைக் கிடை போடும் வழக்கம் வைகைப் படுகை முழுவதிலும் உண்டு. பகலில் தாளடியிலும் தரிசிலும் மேயும் மந்தை, இரவில் ஒரு வயலில் அடைக்கப்படுகிறது. வயலுக்கு எரு, ஆட்டுக்காரருக்குக் கூலி. சில இரவுகளுக்குப் பின் கிடை அடுத்த வயலுக்கு நகரும். இந்த நகர்வுதான் ஆட்டு நோய்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முதலில் தெரிய வேண்டியது.

வத்தலக்குண்டிலிருந்து மதுரைப் பக்கம் சற்றுத் தொலைவில் வாடிப்பட்டி வட்டத்துக் கச்சைகட்டி உள்ளது. கிடாச்சண்டைக்குப் பெயர் பெற்ற கச்சைகட்டிக் கருப்பு செம்மறி இனத்துக்கு அவ்வூரின் பெயரே வழங்குகிறது. மேற்கே மலை ஏறினால் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர். மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் அங்கு இயங்குகிறது. குளிர்மலையில் கம்பளி ஆடு, வெயில் சமவெளியில் இறைச்சி ஆடு என இரண்டு வேறு ஆட்டு உலகங்கள் ஒரே மலைச்சாலையின் இரு முனைகளில் இருக்கின்றன.

வைரஸ் நோய் ஓர் ஆட்டில் நாள்படத் தங்குவது வேறு, ஒரு வட்டாரத்தில் நாள்படத் தங்குவது வேறு. முதலாவதை உலகம் ஐஸ்லாந்தில் கற்றுக்கொண்டது. இரண்டாவதைத் தமிழகம் தன் சொந்த மந்தைகளில் கண்டது.

ஐஸ்லாந்தின் இருபது ஆடுகள்

1933இல் ஐஸ்லாந்து அரசு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 20 கரகுல் ஆடுகளை வாங்கியது. உள்ளூர் இனத்தை மேம்படுத்துவது நோக்கம். ஆடுகள் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டன, நோய் எதுவும் தென்படவில்லை, பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நூற்றாண்டுகளாக வெளி ஆடுகளோடு கலக்காத ஐஸ்லாந்து இனத்துக்கு அந்த ஆடுகள் சுமந்து வந்த நுண்ணுயிர்கள் முற்றிலும் புதியவை. சில ஆண்டுகளில் மந்தைகளில் மூச்சுத்திணறல் தொடங்கியது. ஐஸ்லாந்து மொழியில் மூச்சுத்திணறலுக்கு வழங்கும் 'மேடி' என்ற சொல்லே நோய்க்குப் பெயராயிற்று. வேறு சில ஆடுகளுக்குப் பின்னங்கால் தளர்ந்து, உடல் இளைத்து, இறுதியில் நடக்கவே முடியாமல் போயிற்று. அதற்கு வாடுதல் என்னும் பொருளில் 'விஸ்னா' என்று பெயர். இரண்டும் ஒரே வைரஸின் இரு முகங்கள் என்பது பின்னாளில் தெரிந்தது.

ரெய்க்யவிக்கை அடுத்த கெல்டுர் ஆய்வு நிறுவனத்தின் தலைவர் பியோர்ன் சிகுர்ட்சன், 1954இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் 'மெதுவான தொற்று' என்னும் கருத்தை முன்வைத்தார். தொற்று ஏறிய நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே மாதங்களோ ஆண்டுகளோ ஓடலாம், ஆனால் நோய் தொடங்கிவிட்டால் அது ஒழுங்காக, திரும்பாமல், மரணம் வரை போகும் என்பது அவர் வரையறை. அதுவரை தொற்றுநோய் என்றால் சில நாளில் வந்து சில நாளில் தீரும், இல்லையேல் கொல்லும் என்றே மருத்துவம் பெரும்பாலும் எண்ணியிருந்தது. சிகுர்ட்சன் 1959இல் நாற்பத்தாறு வயதில் இறந்தார். எய்ட்ஸ் என்ற சொல்லே அப்போது கிடையாது. 1980களில் எச்ஐவி கண்டறியப்பட்டபோது, அதன் நெருங்கிய உறவுகளுள் ஒன்றாக ஐஸ்லாந்து ஆட்டின் விஸ்னா வைரஸ் நின்றது. எச்ஐவி அடங்கிய வைரஸ் பிரிவுக்கு, மெதுவானது என்னும் பொருள்கொண்ட லத்தீன் சொல்லை ஒட்டி 'லென்டிவைரஸ்' என்றே பெயர்.

இந்த வைரஸ் நோயை உண்டாக்கும் விதம் விசித்திரமானது. சீம்பால் வழியாகவோ, கொட்டிலில் நெருங்கி நிற்கும் ஆடுகளின் மூச்சு வழியாகவோ உடலுக்குள் புகுகிறது. தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி ஆட்டின் உயிரணுவின் மரபுப்பொருளோடு தைத்துக்கொள்கிறது. அதற்குப் பிடித்த இடம் இரத்தத்தில் சுற்றும் மோனோசைட் என்னும் வெள்ளணு. அங்கே அது ஏறக்குறைய பேசாமல் கிடக்கிறது, எனவே நோய் எதிர்ப்பு அமைப்பின் கண்ணில் படுவதில்லை. மோனோசைட் நுரையீரலுக்கோ மூளைக்கோ மடிக்கோ சென்று மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுவாக முதிரும்போதுதான் வைரஸ் விழித்துப் பெருகுகிறது. ஆய்வாளர்கள் இதற்கு டிராய் நகரத்து மரக்குதிரையை உவமை சொன்னார்கள். விழித்த வைரஸை எதிர்க்க நிணநீர் அணுக்கள் கூட்டம் கூட்டமாக அங்கே வருகின்றன. ஆண்டுக்கணக்கில் வந்து குவியும் அந்தக் கூட்டமே நுரையீரலைத் தடிக்கச் செய்து மூச்சை அடைக்கிறது. கேடு செய்வதில் வைரஸைவிட அதை விரட்ட வந்த படைக்குப் பங்கு அதிகம்.

மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஐஸ்லாந்து நாடு முழுதும் வேலி அடித்துப் பகுதிகளாகப் பிரித்தது. நோய்ப் பகுதிகளின் ஆடுகளை எல்லாம், நலமாகத் தெரிந்தவற்றையும் சேர்த்து, வெட்டியது. பின்னர் நோய் எட்டாத பகுதிகளிலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்து மந்தைகளைப் புதிதாகத் தொடங்கியது. இலட்சக்கணக்கான ஆடுகள் இப்படி அழிந்தன. 1965இல்தான் கடைசி மேடி ஒழிந்தது.

அதே கரகுல் ஆடுகள் கொண்டுவந்த இன்னொரு நோய் யாக்சீக்டெ என்னும் ஆட்டு நுரையீரல் புற்றுநோய். இதுவும் ரெட்ரோவைரஸால் வருவது. வைரஸின் மேலுறைப் புரதமே உயிரணுவைப் புற்றாக மாற்றிவிடும் அபூர்வ வகை. குளோனிங் முறையில் பிறந்த டாலி ஆடு 2003இல் கருணைக்கொலை செய்யப்பட்டதற்குக் காரணமும் இந்த நோய்தான்.

அரசூர், 1987

தமிழகத்து மந்தைகளின் கதை வேறு. இங்கே ஆட்டுக்காரர்களைக் கலங்கடித்தது ஒரே வாரத்தில் கொல்லும் நோய். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், நாற்றமடிக்கும் கழிச்சல், பிறகு மூச்சிரைப்பு என்று ஆடு படுத்துவிடும். மாட்டுக்கு வரும் வெக்கை நோயின் அறிகுறிகளும் இவையே. எனவே ஆட்டில் கண்டதையும் வெக்கை என்றே நெடுங்காலம் கால்நடை மருத்துவர்களும் பதிவு செய்தார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெக்கையும் ஆட்டைத் தாக்கக் கூடியதே, இரு வைரஸ்களும் மனிதரின் தட்டம்மை வைரஸோடு ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு எதிராக இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருள் மற்றொன்றையும் ஓரளவு பிடிக்கும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் 1942இல் கர்கதென்னெக், லாலன் என்னும் இருவர், மாட்டுக்குப் பரவாமல் ஆட்டை மட்டும் கொல்லும் ஒரு நோயை விவரித்திருந்தனர். அது ஆப்பிரிக்கச் சரக்கு என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. 1987இல் அன்றைய தென் ஆர்க்காடு மாவட்டத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில், செம்மறிகள் மடிந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் எம். எஸ். ஷைலாவும், அவரோடு வி. புருஷோத்தமன் உள்ளிட்டோரும், அங்கே எடுத்த வைரஸ் வெக்கை அல்ல, அந்த ஆப்பிரிக்க நோயே என்று காட்டினர். 1989இல் 'வெட்டினரி ரெக்கார்ட்' இதழில் அது வெளியாயிற்று. இந்தியாவில் இந்நோய்க்கு உறுதிசெய்யப்பட்ட முதல் பதிவு அரசூருடையது. தமிழில் இதற்கு ஆட்டுக்கொல்லி நோய் என்ற பெயர் நிலைத்தது.

பெயர் மாற்றம் வெறும் ஏட்டு விஷயமன்று. இந்தியா அப்போது வெக்கையை ஒழிக்கும் கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்டில் சாவு நேர்ந்த இடத்தில் வெக்கை என்று எழுதினால் நாட்டில் வெக்கை இன்னும் இருக்கிறது என்று பொருள். ஆட்டைக் காக்க வெக்கைத் தடுப்பூசியே போடலாம், குறுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் போட்டால், அதன் இரத்தத்தில் காணும் எதிர்ப்பொருள் ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று கணக்கெடுப்பில் பிரித்தறிய முடியாது. எனவே ஆட்டுக்குத் தனி ஊசி தேவைப்பட்டது. இந்தியாவின் கடைசி வெக்கைத் தாக்குதல் 1995இல் தமிழகத்தின் வட ஆர்க்காட்டுப் பகுதியில் பதிவாயிற்று. 2006இல் வெக்கைத் தொற்று அற்ற நாடாக இந்தியா ஏற்கப்பட்டது. 2011இல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

அரசூரில் எடுத்த வைரஸையே உயிரணு வளர்ப்பில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' தடுப்பூசியை உருவாக்கியது. கோயம்புத்தூர் வெள்ளாட்டிலிருந்து எடுத்த 1997ஆம் ஆண்டு வைரஸும் அவ்வாறே ஊசியாயிற்று. இமாச்சலத்துச் சுங்ரியில் கிடைத்த வைரஸிலிருந்து முக்தேசுவரத்து ஆய்வகம் தயாரித்த ஊசி நாடெங்கும் பரவலாகப் பயன்படுகிறது.

ஆட்டில் தங்காதது மந்தையில் தங்குவது எப்படி

ஆட்டுக்கொல்லி வைரஸ் முதலில் நிணநீர் அணுக்களைத் தாக்குகிறது. பிறகு வாய், குடல், நுரையீரல் ஆகியவற்றின் உட்தோலுக்குச் செல்கிறது. வெள்ளணுக்கள் குறைந்த உடலில் வேறு பாக்டீரியாக்கள் எளிதில் புகுந்து நுரையீரலைக் கெடுக்கின்றன. பல ஆடுகளின் சாவுக்கு உடனடிக் காரணம் அந்த இரண்டாம் தொற்றுதான். பிழைத்த ஆட்டுக்கோ வாழ்நாள் முழுதும் எதிர்ப்பு உண்டு. மேடி போல வைரஸை ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிவதில்லை. அப்படியானால் நோய் எப்படி ஆண்டுதோறும் திரும்புகிறது?

விடை குட்டிகளிடம் இருக்கிறது. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பு மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும். ஒவ்வொரு ஈற்றுப் பருவத்துக்குப் பின்னும் மந்தையில் ஒரு புதிய தலைமுறை பாதுகாப்பின்றி நிற்கிறது. வைரஸுக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தலைமுறை வரும்வரை மந்தைக்கு மந்தை தாவிக்கொண்டிருப்பது. அதற்கு நகரும் கிடையும், பொதுக் குட்டையும், சந்தையும் வழி செய்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்திலேயே அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தைக்குப் பல ஊர் ஆடுகள் வருகின்றன. விற்காத ஆடு வீடு திரும்பும்போது கூடவே என்ன வருகிறது என்பது ஒரு வாரம் கழித்தே தெரியும். நோய் ஆட்டில் நாள்படாதது, வட்டாரத்தில் நாள்பட்டது.

அம்மைக்கு இன்னொரு வழி. ஆட்டம்மையின் உதிர்ந்த பொருக்குகளில் வைரஸ் பல மாதம் உயிர்ப்போடு இருக்கும், பட்டியிலிருந்தே மறுபடி ஒட்டிக்கொள்ளும். 1932இல் தொடங்கிய இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தின் பெயர், அம்மை ஊசிக்கான வைரஸ் இனம் ஒன்றுக்கு 'இராணிப்பேட்டை' என வழங்குகிறது.

நீலநாக்கு நோய்க்கு ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேரடியாகப் போக வேண்டிய தேவையே இல்லை. கொசுவினும் சிறிய கியூலிகாய்டஸ் என்னும் கடிபூச்சி அதைச் சுமக்கிறது. சேறும் சாணமும் கலந்த ஈரமண்ணில் பூச்சி பெருகுவதால், தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையோடும் அதன் பின்னும் நோய் தலைகாட்டுகிறது. 1997-98இல் தென்மாநிலங்களில் கடுமையாகத் தாக்கியது. மாடுகள் பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் இந்த வைரஸை இரத்தத்தில் பல வாரம் வைத்திருக்கும். ஆட்டையும் மாட்டையும் ஒரே தொழுவில் கட்டும் ஊர்களில் இது சிறிய செய்தியல்ல. வைரஸ் வகைகளும் ஒன்றிரண்டல்ல, இருபதுக்கு மேல். ஒரு வகைக்கு ஏற்பட்ட எதிர்ப்பு மற்றொன்றைத் தடுப்பதில்லை. இந்தியாவில் பரவலாகக் கண்ட ஐந்து வகைகளைச் சேர்த்தே இங்கு தடுப்பூசி செய்யப்பட்டது.

ஊசியும் கிடையும்

ஆட்டுக்கொல்லிக்கான தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2010இல் தொடங்கியபோது முதற்கட்ட மாநிலங்களில் தமிழகமும் இருந்தது. 2015இல் ஐவரி கோஸ்டின் அபிஜானில் கூடிய பன்னாட்டு மாநாடு, 2030க்குள் இந்நோயை உலகிலிருந்தே ஒழிப்பது என்று இலக்கு வைத்தது. நோயை முதலில் விவரித்த நாட்டிலேயே அதற்கு நாள் குறித்தார்கள்.

ஊசி நல்லது. ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டாவது காக்கும். சிக்கல் போடும் இடத்தில்தான். உறைந்து உலர்ந்த நிலையில் குளிரில் வைத்திருக்கும் மருந்தைக் கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். வீட்டுப் பட்டியில் பத்து ஆடு வைத்திருப்பவர் வத்தலக்குண்டு கால்நடை மருந்தகத்துக்கு வந்துவிடலாம். முந்நூறு ஆட்டோடு வயலில் கிடப்பவரிடம் மருந்துப் பெட்டிதான் போக வேண்டும், போகும்போது கிடை அங்கே இருக்கவும் வேண்டும். முகாம் நாளன்று வேறு வட்டத்தில் இருந்த மந்தை எந்த ஊர்க் கணக்கிலும் ஏறுவதில்லை. ஊசி முகாமை ஈற்றுப் பருவத்துக்கு மூன்று நான்கு மாதம் கழித்து, மந்தைகள் ஊர் திரும்பியிருக்கும் காலத்தில் வைக்கும் இடங்களில் குட்டிகளும் கணக்கில் சேர்கின்றன.